இரு பள்ளிகளும் ஒரு பிள்ளையும்

கிழக்கிலங்கையிலே வயலும் வாவியும் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பைகள் உண்டு. காலையில் வெள்ளைச் சீருடையுடன் தோளில் ஏறும் பை ஒன்று; அதனுள்ளே அரசாங்கம் இலவசமாக வழங்கிய பாடநூல்கள் இருக்கும். அஸர்த் தொழுகையின் பின்னர், தொப்பியோ முக்காடோ அணிந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செல்லும் பை மற்றொன்று. அதனுள்ளே திருக்குர்ஆனின் இறுதிப் பாகம் இருக்கும். காலைப் பாடசாலையிலே ‘ஏன்?’ என்று வினவும் பிள்ளை பாராட்டப்படுகின்றது. மாலையில் ஓதும் பள்ளியிலோ ‘எது வரை பாடமாயிற்று?’ என்பதே பெரும்பாலும் கேட்கப்படும் வினாவாகும். முன்னதிலே அறிவு பொருளாக வருகின்றது. பின்னதிலே அது ஒலியாக வருகின்றது. இரண்டையும் பெறும் பிள்ளை ஒன்றுதான். ஆயின் இவ்விரு பள்ளிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

அத்தகைய ஊர் ஒன்றிலே இரு பைகளைச் சுமக்கும் சிறுவன் ஒருவனின் தாய் ஆரம்ப வகுப்பு ஆசிரியையாவார். ஊர்ப் பள்ளிவாசலின் நிருவாகத்தினர், இஸ்லாமிய விழுமியங்களில் வேரூன்றிய ஆரம்பக் கல்விக்கான கலைத்திட்டம் ஒன்றை முதலாந் தரந்தொட்டு ஐந்தாந் தரம் வரைக்கும் வகுத்துத் தருமாறு அவரிடம் வேண்டினர். காலையும் மாலையும் பிள்ளை அலையாது ஓரிடத்திலேயே இரண்டையும் கற்கவேண்டும் என்பது அவர்களது எண்ணம். வேண்டுகோள் எளிதாகவே தோன்றிற்று. விடுமுறை நாட்கள் சிலவற்றில் எழுதி முடித்துவிடலாம் என்றே அவரும் எண்ணினார். எழுதத் தொடங்கிய பின்னரே, ‘வேரூன்றிய’ என்னும் சொல்லின் பாரம் அவருக்குப் புலப்பட்டது.

இவ்வினா இந்நாட்டிற்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலக் கல்வி பெரிதும் கிறித்துவ மிசனரிமாரின் கையிலே இருந்தது. பாடசாலைக்குப் போகும் பிள்ளை மார்க்கத்தை இழந்து வீடு திரும்பும் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும், அதன் பயனாகப் பிள்ளைகள் ஓதும் பள்ளியுடனேயே நின்றுவிட, ஒரு சமுதாயம் முழுவதும் கல்வியிற் பின்தங்கியது. இந்நிலை கண்டு வருந்தியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898). அவர் 1882ஆம் ஆண்டிலே ‘முஸ்லிம் நேசன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். 1891ஆம் ஆண்டிலே கண்டியிற் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையையும் நிறுவினார். எகிப்திலிருந்து 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒறாபி பாஷாவும் ஊர்ப் பிரமுகர்களும் இம்முயற்சிக்குத் துணை நின்றனர். 1892ஆம் ஆண்டிலே கொழும்பு மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிறா தோன்றிற்று. பிற்காலத்திலே ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

அம்முன்னோடிகள் அச்சத்தைப் போக்கினர். மார்க்கமும் நவீன கல்வியும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்பதை நிலைநாட்டினர். ஆயினும் ஒரே கூரையின்கீழ் இரண்டு அறைகளும் இருக்கலாம். ஓர் அறையிலே சமயம். மற்றோர் அறையிலே கணக்கும் மொழியும். 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டமும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையும் பாடசாலைக் கதவை எல்லோர்க்கும் அகலத் திறந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தன்தன் சமயத்தைப் பாடசாலையிலேயே கற்கும் வாய்ப்பும் உண்டாயிற்று. 1999ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் துறைகளை ஒன்றிணைத்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்பவற்றின் வாயிலாகக் கற்பிக்குமாறு வகுத்தது. இணைப்பதற்கான இடம் அங்கே இருந்தது. இருந்தும் நடைமுறையிலே சமயம் பெரும்பாலும் மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் ஒரு பாடமாகவே நின்றுவிட்டது.

ஆசிரியை வகுத்த முதலாவது வரைவும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஒவ்வொரு பாட அலகின் தலைப்பிலும் பொருத்தமான திருவசனம் ஒன்றை இட்டார். சமயத்துக்குரிய பாடவேளைகளை இரட்டித்தார். கூட்டற் கணக்கிலே மாம்பழங்களுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழங்களை வைத்தார். நிருவாகத்தினர் படித்து மகிழ்ந்தனர். ஆனால், நிறுவை பற்றிய அலகைத் தம் வகுப்பிலே நடத்திப் பார்த்தபொழுது அவருக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. அளவையிலே மோசஞ் செய்வோரைக் கடிந்துரைக்கும் ‘அல் முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்களைப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவித்தனர். பின்னர்க் கிலோகிராம், கிராம் ஆகியவற்றுக்கான கணக்குகளையும் பிழையின்றிச் செய்தனர். ஆயினும் முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு உண்டென்று எந்தப் பிள்ளையும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஓர் ஏட்டின் ஒரே பக்கத்திலேயே இரு பள்ளிகளும் முன்போலப் பேசாதிருந்தன.

அடுத்த முறை அவர் வேறுவிதமாகத் தொடங்கினார். சிரட்டைகளையும் கயிற்றையும் ஒரு தடியையும் கொண்டு பிள்ளைகளே தராசு செய்தனர். வகுப்பறை ஒரு சந்தையாயிற்று, அரிசியும் பயறும் சரக்காயின, புளியங்கொட்டைகள் காசாயின. விற்பனை மும்முரமாக நடந்துகொண்டிருக்கையிலே ஒரு சிறுவன் தன் தராசின் ஒரு சிரட்டைக்கு அடியிலே யாருமறியாது சிறு கல்லொன்றை ஒட்டிவிட்டான். சிறிது நேரத்துக்குள் அவனிடம் வாங்கிய சிறுமியின் பயறு வேறொரு தராசிலே குறைந்து நின்றது. கூச்சல் எழுந்தது, கல் கண்டுபிடிக்கப்பட்டது, சிறுமி அழுதாள், அவனும் தலைகுனிந்தான். ஆசிரியை எவரையும் கடியாது, எல்லோரையும் தரையில் அமரச்செய்து, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்குற்றத்தைக் குறித்து ஓர் அத்தியாயம் அருளப்பெற்றுள்ளது என்று கூறி, அவ்வசனங்களைத் தமிழிலே விளக்கினார். வகுப்பு அமைதியாயிற்று. பிள்ளைகள் ஏற்கெனவே மனனஞ் செய்திருந்த வசனங்கள்தாம். ஆனால் அன்றுதான் அவை அவர்களைப் பற்றியனவாயின.

இந்நிகழ்ச்சியிலிருந்து அவர் ஒரு விதியைக் கண்டறிந்தார். விழுமியத்தைப் பாடத்தின் மேலே எழுதுவதாற் பயனில்லை. அது தேவைப்படும் கணத்தைப் பாடத்தின் உள்ளே உண்டாக்குதல் வேண்டும். வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்படி தோண்டி வைத்தால் மரம் பட்டுப்போம்.

இவ்விதியின் வழியிலே இரண்டாவது வரைவு உருவாயிற்று. தொழுகை நேரங்கள் வானியலோடும் கணிதத்தோடும் இயல்பாகவே பிணைந்தவை. முற்றத்திலே ஒரு கோலை நாட்டி, அதன் நிழலை மணிக்கு மணி அளந்தால், சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் ளுஹர் தொடங்குவதையும், நண்பகல் நிழலின் அளவோடு கோலின் நீளமும் சேர்ந்த அளவுக்கு நிழல் நீள்கையில் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குவதையும் நான்காந் தரப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். இலங்கையிலே ஏப்ரல் மாத முற்பகுதியிலும், ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதி வரையிலும் சூரியன் நேர் உச்சிக்கு வர, நண்பகல் நிழல் ஏறத்தாழ மறைந்துபோவதையும் அது காணும். ஒரு மாத காலம் இரவுதோறும் பிறையை வரைந்து வைக்கும் பிள்ளைக்கு, சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டது என்பதும், அதனால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முந்தி வருகின்றது என்பதும் மனனஞ் செய்யவேண்டிய செய்திகளாக இரா. வுழூச் செய்வதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ ஒரு ‘முத்’ நீரையே பயன்படுத்தினார்கள் என்பது ஹதீஸ்களிற் காணப்படும் செய்தி. இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவே அது. அந்நீரையும், தாம் குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்கையில் வாளியிலே சேரும் நீரையும் பிள்ளைகள் அளந்து ஒப்பிடுதல் ஒரே வேளையிற் கணிதமும் சுற்றாடற் கல்வியும் மார்க்கமுமாகும்.

வரைவைப் படித்த நிருவாகத்தினருள் முதியவரான ஹாஜியார் ஒருவர் அதனை மேசையிலே வைத்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா இதில மார்க்கம் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அவ்வினாவை அறியாமையின் வினாவென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. முதியவரின் அச்சத்திலே உண்மை உண்டு. நேர்மை, சிக்கனம், இரக்கம் என்பன எல்லாச் சமயத்தார்க்கும் சமயமே வேண்டாதார்க்கும் உரிய பண்புகள். மார்க்கத்தை இவற்றுக்கான கருவியாக மாத்திரம் கொண்டால், ஈற்றிலே பண்புகள் எஞ்ச, மார்க்கம் மறையலாம். ஆசிரியை இதனை ஒப்புக்கொண்டார். வரைவிலே ஒவ்வொரு நாளின் முதல் அரைமணி நேரமும் ஓதலுக்கும் துஆவுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்நேரம் எந்தக் கணக்கையும் விளக்குவதற்கன்று, இறைவனை நினைவதற்கே. வணக்கம் வேறொன்றுக்கான வழியன்று என்பதையும் பிள்ளை அறிதல் வேண்டும். அவ்வாறே ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பதைச் சமயமாக்கவேண்டிய தேவையும் இல்லை. எல்லாவற்றின்மீதும் மார்க்கத்தின் பெயரை ஒட்டுபவர், அது ஒட்டப்படாத இடத்திலே இல்லை என்று தம்மை அறியாமலே கற்பித்துவிடுகின்றார்.

‘முன்னோர் செய்யாததைச் செய்யலாமா?’ என்பது நிருவாகத்தினர் எழுப்பிய அடுத்த வினா. இதற்கு விடை முன்னோரிடமே இருந்தது. கல்வியின் முறையும் வரிசையும் பற்றிய விவாதம் இஸ்லாமிய உலகிலே மிகப் பழையது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டளவில் எழுதிய ‘முகத்திமா’விலே பல நாடுகளின் ஆரம்பக் கல்வி முறைகளை ஒப்புநோக்கியுள்ளார். மக்ரிப் நாட்டினர் சிறார்க்குக் குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். அந்தலூசியரோ அதனுடன் கவிதையையும் மொழியையும் எழுத்தையும் சேர்த்துக் கற்பித்தனர். காழி அபூபக்ர் இப்னுல் அரபி என்பார் மொழியையும் கணக்கையும் முதலிற் கற்பித்து, விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வந்த பின்னரே குர்ஆனைத் தொடங்கவேண்டும் என்றார். இப்னு கல்தூன் அம்முறையின் சிறப்பை ஏற்றுக்கொண்டபோதிலும், வழக்கம் அதற்கு இடந்தராது என்றும், பிள்ளை பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருக்கும் இளமைப் பருவத்தைத் தவறவிட்டாற் குர்ஆனைக் கற்காமலே போய்விடக்கூடும் என்றும் எச்சரித்தார். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இவ்விவாதத்திலே ஹாஜியாரின் அச்சமும் இருக்கின்றது. ஆசிரியையின் அவாவும் இருக்கின்றது. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) மருத்துவத்தையும் கணிதத்தையும் சமுதாயத்தின்மீது விதிக்கப்பட்ட கூட்டுக் கடமைகளாகக் கொண்டமையும் ஈண்டு நினையத்தக்கது.

அண்மைக் காலத்திலும் இச்சிந்தனை தொடர்ந்தது. 1977ஆம் ஆண்டிலே மக்காவில் நடைபெற்ற முதலாவது உலக முஸ்லிம் கல்வி மாநாடு, அறிவை இறைவெளிப்பாட்டால் வந்த நிலையான அறிவு என்றும் மனித முயற்சியால் ஈட்டப்படும் அறிவு என்றும் வகுத்து, இரண்டையும் ஒரு நோக்கின்கீழ் இணைக்க முனைந்தது. 1980ஆம் ஆண்டில் இஸ்லாமாபாத்தில் நடந்த இரண்டாவது மாநாடு கலைத்திட்டத்தையே பொருளாகக் கொண்டது. இவ்வகுப்பு முறை அறிஞர்க்குத் தெளிவைத் தரும். ஆறு வயதுப் பிள்ளைக்கோ அறிவு வகுக்கப்படாமலேயே வருகின்றது. மழையைக் காணும் பிள்ளை அதனை வானிலையென்றும் இறையருளென்றும் பிரித்துக் காண்பதில்லை. அப்பிரிவினையை அதற்குக் கற்பித்தவர்கள் பெரியவர்களே. ஆதலின் ஆரம்பக் கலைத்திட்டத்தின் பணி இணைத்தல் என்பதிலும், பிரிக்காதிருத்தல் என்பதே பொருந்தும்.

இதற்கு மொழி முதன்மையானது. திருக்குர்ஆன் அரபியிலேயே ஓதப்படும், அதுவே முறை. ஆனால் அதன் பொருள் இந்நாட்டு முஸ்லிம் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குத் தமிழ் வழியாகவே உள்ளம் புகவேண்டும். அரபு எழுத்திலே தமிழை எழுதி அரபுத்தமிழ் என்னும் மரபையே வளர்த்தவர்கள் முன்னோர். நபிகளாரின் வாழ்க்கையைச் சீறாப்புராணமாகப் பாடியவர் உமறுப்புலவர். எனவே தொழுகையிலே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் முதலாந் தரத்திலிருந்தே எளிய தமிழிற் கற்பிக்க வரைவு இடந்தந்தது. இதற்கு மௌலவியும் வகுப்பாசிரியையும் வாரந்தோறும் ஒருங்கிருந்து பாடங்களைத் திட்டமிடுதல் வேண்டும். ஒருவர் நூலை அறிவார். மற்றவர் பிள்ளையை அறிவார்.

மிகுந்த வாதத்துக்கு உள்ளானவை இரண்டு. முதலாவது, மதிப்பீடு. தொழுகைக்கும் நல்லொழுக்கத்துக்கும் புள்ளி வழங்கவேண்டும், அப்பொழுதுதான் பிள்ளைகள் கருத்தூன்றுவர் என்று சிலர் வாதித்தனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழலிலே வளரும் கல்வி உலகில் இவ்வெண்ணம் எழுதல் இயல்பே. ஆசிரியை இதனை உறுதியாக மறுத்தார். புள்ளிக்காகத் தொழும் பிள்ளை பார்ப்போர்க்காகத் தொழப் பழகுகின்றது. அதற்கு இஸ்லாம் இட்ட பெயர் முகஸ்துதி. கண்டிப்பு மிகுந்த கல்வி பிள்ளைக்குப் பொய்யையும் பாசாங்கையும் பழக்கிவிடும் என்று இப்னு கல்தூன் கூறியது பிரம்புக்கு மட்டுமன்றிப் புள்ளிக்கும் பொருந்தும் என்பது அவரது கருத்து. ஓதலையும் எழுத்தையும் கணக்கையும் அளக்கலாம். யாரும் காணாதபோது தராசின் அடியிலிருக்கும் கல்லை எடுத்தெறியும் மனத்தை அளத்தல் இறைவன் ஒருவனுக்கே உரியது.

இரண்டாவது, அயலவர் பற்றிய அலகு. மூன்றாந் தரப் பிள்ளைகளை அயலூர்த் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லவும், அப்பிள்ளைகளை விருந்தினராக வரவேற்கவும், சிங்கள மொழியை விளையாட்டாகக் கற்பிக்கவும் வரைவு இடந்தந்தது. சிலர் தயங்கினர். தயக்கத்தின் பின்னே ஒரு வரலாறு இருந்தது. 1990ஆம் ஆண்டிலே வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும், அதே ஆண்டிலே கிழக்கில் இரு சமூகத்தாரும் சிந்திய குருதியும், 2019 ஏப்ரல் 21ஆந் திகதித் தாக்குதல்களின் பின்னர் ஒரு சமுதாயம் முழுவதன்மீதும் விழுந்த சந்தேகப் பார்வையும் எவர்க்கும் மறக்கக்கூடியன அல்ல. அத்தாக்குதல்களை நடத்தியோரும் மார்க்கத்தின் பெயரையே சொன்னார்கள் என்பது கலைத்திட்டம் வகுப்பவர் கண்ணை மூடிக்கொள்ள இயலாத உண்மை. பொருளறியாது மனனஞ் செய்த உள்ளத்திலே பிறர் எப்பொருளையும் எழுதிவிடலாம்.

ஆசிரியை இரண்டு செய்திகளை நினைவூட்டினார். பத்றுப் போரிலே (624) சிறைப்பட்ட மக்கத்தவருள் மீட்புப் பணமற்றோர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றனர் என வரலாற்று நூல்கள் கூறும். மதீனத்து முஸ்லிம் சிறார் சிலர்க்கு எழுத்தறிவித்த அவ்வாசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர், நேற்றுவரை பகைவர். மற்றையது இந்நாட்டுச் செய்தி. இலங்கைச் சிவில் சேவையிலே இடம்பெற்ற முதல் முஸ்லிமும், 1948 முதல் 1961 வரை ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் விளங்கியவருமான அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973) யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். அங்கே பெற்ற தமிழ் அவரது ஈமானைக் குறைக்கவில்லை. அத்தமிழிலேயே அவர் இஸ்லாத்தை எழுதினார். வேர் ஆழமாயின் வேலி உயரவேண்டியதில்லை.

வரைவு முழுமையாக ஏற்கப்படவில்லை. மனனத்துக்குரிய நேரத்தைக் கூட்டவேண்டும் என்பதில் ஹாஜியார் விட்டுக்கொடுக்கவில்லை, ஆசிரியை இசைந்தார். ஒழுக்கத்துக்குப் புள்ளியில்லை என்பதில் ஆசிரியை விட்டுக்கொடுக்கவில்லை, நிருவாகத்தினர் இசைந்தனர். அயலூர்ப் பயணத்தை முதலில் ஒரு முறை மேற்கொண்டு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. முதலாந் தரத்தை மட்டும் தொடங்கி, ஆண்டு முடிவிலே மீண்டும் கூடி ஆராய்வது என்று தீர்மானித்துக் கலைந்தனர். கலைத்திட்டம் ஒரே இருக்கையில் எழுதி முடிக்கப்படும் சாசனமன்று. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்தப்படுவது.

அன்று மாலை வீடு திரும்பிய ஆசிரியையிடம் அவரது மகன், ஓதும் பள்ளியிலே தான் லெப்பையிடம் ஒரு கேள்வி கேட்டதாகக் கூறினான். நாள்தோறும் பலமுறை ஓதும் அல்ஃபாத்திஹா அத்தியாயத்திலே ‘நேரான வழி’ என்று வருகின்றதே, அது எந்த ஊருக்குப் போகும் வழி என்பது கேள்வி. லெப்பை கோபங்கொள்ளவில்லை. சிறிது நேரம் அவனைப் பார்த்திருந்துவிட்டு, மற்றப் பிள்ளைகளையும் அருகில் அழைத்து, ஓதலை நிறுத்திவிட்டு, அதன் பொருளைத் தமிழிலே சொன்னாராம். மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரைக்கும் சொன்னாராம். காலைப் பையிலிருந்த வினா ஒன்று மாலைப் பைக்குள் புகுந்துவிட்டதை அத்தாய் உணர்ந்தார். வரைவின் முதற் பக்கத்திலே எதை எழுதவேண்டும் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெளிவாயிற்று.